அந்தச் சரிவு சும்மா கிடக்கவில்லை, ஐயா

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் கோவை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் இடத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கி, வருகிறவர்கள் தங்கிப் போக நாலு அறை கட்டியிருக்கிறோம். வீட்டுக்கு மேலே பாதி இடம் வெறும் புல்லாகச் சும்மா கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு அதில் ஐந்நூறு கன்று (சில்வர் ஓக், பைன், கொஞ்சம் குறிஞ்சி) வைக்கலாம் என்று நாற்றுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். வாசலில் 'நீலகிரியின் அதிசயங்கள்' என்று ஒரு பலகையும் வைக்கப் போகிறேன். அதற்கு எழுதிய பத்து வரியையும் இடத்தின் படங்களையும் இணைத்துள்ளேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். சாயங்காலத்தில் காட்டெருமை வருகிறது, என் மனைவி வெளியே வரவே பயப்படுகிறாள். போன வாரம் தோட்டக்காரர் ஒரு இருதலைப் பாம்பை அடித்துப் போட்டார், அது விஷமா? பேரனுக்கு வரையாடு பார்க்க வேண்டுமாம், எங்கள் பக்கம் வருமா?

அன்புள்ள ஐயா,

பத்து வரியையும் படித்தேன், படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நாற்றுக்காரருக்கு ஒரு போன் போட்டு, கன்றுகளை இப்போது ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐப்பசி வருவதற்குள் இதைப் பேசி முடித்துவிடலாம்.

"வெறும் புல்லாகச் சும்மா கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூன்றாவது படத்தில் அந்தப் புல் தெளிவாகவே தெரிகிறது. கொத்துக் கொத்தாக நிற்கிறது, ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மண் தெரிகிறது, கதிர்த் தண்டு லேசாகச் செம்பழுப்பு ஓடியிருக்கிறது, நடுவே இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு தவுட்டுப்பழப் புதர். இதெல்லாம் மலையின் சொந்தப் புல் என்பதற்கு நல்ல அடையாளங்கள். ஆனாலும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம், நீங்களே ஒரு சோதனை செய்துவிடுங்கள். சரிவில் ஏறி ஒரு இடத்தில் உட்கார்ந்து புல்லுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அடியில் கயிறு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழுத்தால் ஒரு பாய் எழும்பி வருவது போல வந்தால் அது கிகுயு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காக வந்த புல், எப்போதோ உருளைக்கிழங்கோ தேயிலையோ போட்டுக் கைவிட்ட நிலமாக இருக்கும். அப்படியென்றால் அங்கே நாலு மரம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தனித்தனிக் கொத்தாக, தூர் கெட்டியாக, இழுத்தால் கையை அறுக்கிற மாதிரி இருந்தால், உங்கள் இடத்திலேயே வயதான சொத்து அதுதான், வீடெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

எவ்வளவு வயது என்று கேட்பீர்கள். ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளில் கரிய சேறு அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. அங்கே மக்கிய செடிகொடிகளின் மிச்சம் அது. வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு, மரங்கள் எடுத்துக்கொள்ளும் முறை வேறு. அந்த வித்தியாசம் செடி மக்கி மண்ணான பிறகும் சேற்றில் தங்கிவிடும். அதை அடுக்கு அடுக்காக அளந்து பார்த்ததில், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் புல்வெளி இருந்திருக்கிறது என்று தெரிந்தது. காலநிலை வறண்டபோது புல் பரவியது, ஈரமானபோது சோலை (மலை மடிப்புகளில் நெருங்கி நிற்கிற பசுமைக் காடு) விரிந்தது, இரண்டும் மாறி மாறி இடம் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. வெள்ளைக்காரன் காட்டை வெட்டியதால் வந்த புல் என்றும், தோடர்கள் எருமை மேய்க்கத் தீ வைத்ததால் வந்த புல் என்றும் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீ புல்லைப் பரவ விட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தோற்றுவித்தது தீ இல்லை.

சரி, மரம் வைத்தால் என்ன கெட்டுவிடும்? இதற்கு என் சொந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு அமைப்பின் மரம் நடும் விழாவுக்கு மேல்மலையில் ஒரு புல் சரிவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நானும் படித்த பையன் என்ற மிதப்பில் முன்னால் நின்று பள்ளிப் பிள்ளைகளை வைத்து நானூறு சோலை மரக் கன்று நட்டேன். நல்ல மழை. மார்கழி வரைக்கும் எல்லாம் பச்சையாக நின்றன. அந்த மாதக் கடைசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் சரிவு முழுக்க உப்பு தூவினது போல உறைபனி, வெயில் ஏறி அது கரைந்ததும் இலைகள் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரித் தொங்கிவிட்டன, பத்து நாளில் அத்தனையும் கருகிக் குச்சியாகிவிட்டன. புல் மட்டும் மேலே காய்ந்து அடியில் உயிரோடு இருந்தது. இருபதடி தள்ளி மடிப்புக்குள் இருந்த சோலையில் எட்டிப் பார்த்தால், அதே மரங்களின் குட்டிக் கன்றுகள் ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. மேலே கூரை மாதிரி இலை மூடியிருப்பதால் இரவில் உள்ளே வெப்பம் தங்குகிறது, வெட்டவெளியில் தங்குவதில்லை, அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு என்னோடு வந்த படகர் பெரியவர் ஒருவர், "இங்கே மரம் நிற்கும்னா எங்க தாத்தா காலத்திலேயே நின்னிருக்குமே தம்பி" என்று மட்டும் சொன்னார். நாலு வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

அந்தச் சரிவில் நட்டது செத்ததோடு கதை முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குழி தோண்டிக் கிளறிய மண்ணில் இரண்டே வருஷத்தில் சீகை முளைத்து மண்டிவிட்டது. அரப்போடு சேர்த்து அரைக்கிற சீயக்காய் என்று நினைத்துவிடாதீர்கள், நம் மலைக்காரர்கள் சீகை என்று சொல்வது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வனத்துறையே மலை மலையாக நட்டது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும், தீப்பட்டால் ஒரே நேரத்தில் முளைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலப் புல்வெளியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, சுமார் 340 சதுர கிலோமீட்டர், 1973க்கும் 2017க்கும் இடையில் இப்படி வெளிநாட்டு மரங்களுக்கு அடியில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் ஐந்தாவது படத்தில் வேலி ஓரம் இறகு இறகாக இலை வைத்து நிற்கிறதே ஏழெட்டு மரம், அதுதான் சீகை.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே சதுப்பில் ஒரு ஊற்று, கோடையிலும் நூல் மாதிரி ஓடுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மேலே இருக்கிற அந்தச் "சும்மா" சரிவிலிருந்துதான். கொத்துப் புல் மழையை மெதுவாக மண்ணுக்குள் விடும், தான் அதிகம் குடிக்காது. ஊட்டிக்குப் பக்கத்தில் கிளன்மார்கனில் புல்வெளியின் ஒரு பகுதியைக் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பாக மாற்றி, பக்கத்திலேயே புல்லாக விட்ட இன்னொரு நீர்ப்பிடிப்போடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் சுற்றுத் தோப்பிலேயே ஓடை நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது, வெட்டித் துளிர்க்க விட்ட அடுத்த சுற்றில் இன்னும் குறைந்தது. உங்கள் ஊற்று அத்தனை பெரியதில்லை, அதனால் பைன், சில்வர் ஓக் என்று வரிசை கட்டிவிட்டால் நூல் ஓட்டம் நின்றுபோக அதிக நாள் ஆகாது என்பது என் கணிப்பு.

இப்போது பலகை.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்ற வரி சரிதான், ஆனால் பாதி சரி. நீலக்குறிஞ்சி என்ற ஒரு வகைக்குத்தான் அந்த 12 ஆண்டுக் கணக்கு. 1994, 2006, 2018 என்று பூத்தது, அடுத்த பெரும் பூப்பு 2030. அதே குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் நம் நாட்டில் உண்டு, சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஆறேழு ஆண்டுக்கு, சில பதினாறு ஆண்டுக்குக்கூட. போதாததற்கு, நீலக்குறிஞ்சியிலேயே சில சரிவுகள் பெருங்கூட்டத்தோடு சேராமல் தனக்கென்று ஒரு வருஷம் வைத்திருக்கின்றன. அதனால்தான் வருஷா வருஷம் ஏதோ ஒரு ஊரில் "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வருகிறது, 'அப்போ 12 ஆண்டு பொய்யா' என்று உங்களைப் போன்றவர்கள் குழம்புகிறீர்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் பூ இல்லை, அதன் சாவு. பூத்து விதைத்ததும் செடி மொத்தமாக மடிந்துவிடும், மலைச்சரிவு முழுக்க ஒரே வயதுப் பிள்ளைகள் அடுத்த மழையில் முளைக்கும். எல்லாம் ஒரே வருஷத்தில் விதை கொட்டினால் எலியும் பூச்சியும் பறவையும் எவ்வளவுதான் தின்னும்? தின்றது போக மிச்சம் ஏராளம், அதுதான் சூட்சுமம் என்கிறார்கள். அப்புறம், குறிஞ்சி வளர்வதும் புல்வெளியில்தான் ஐயா, நிழலில் இல்லை. சில்வர் ஓக்கையும் குறிஞ்சியையும் ஒரே சரிவில் வைக்கப் போனீர்களே!

இணையத்தில் விற்கிற குறிஞ்சி நாற்றையும் வாங்க வேண்டாம். பெரும்பாலும் வேறு ஏதோ நீலப் பூச்செடியைத் தலையில் கட்டிவிடுவார்கள், உண்மையான குறிஞ்சியாகவே இருந்தாலும் எந்த மலையின் விதை என்று தெரியாது. சரிவை அப்படியே விட்டு வையுங்கள். அங்கே ஏற்கெனவே முழங்கால் உயரத்தில் சொரசொரப்பான இலையோடு புதர்கள் தெரிகின்றன, குறிஞ்சிக் குடும்பம் போலத்தான் இருக்கிறது, பூத்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

"யூகலிப்டஸ் தைலத்தின் தாயகம் நீலகிரி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். தைலம் இங்கே காய்ச்சுகிறார்கள், மரம் ஆஸ்திரேலியாவுடையது, 1843இல் இங்கே முதலில் நட்டார்கள். சில்வர் ஓக்கும் அங்கிருந்துதான். தேயிலை சீனாவும் அஸ்ஸாமும். நீங்கள் பலகைக்குப் பின்னணியாகப் போட்டிருக்கும் படத்தில் தேயிலை, சில்வர் ஓக், தூரத்தில் கற்பூர மரம், நீலகிரியின் சொந்தச் செடி ஒன்றுகூட அதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை மாற்றிவிட்டு உங்கள் மூன்றாவது படத்தையே போடுங்கள். தவுட்டுப்பழம் எல்லாரும் தின்று பார்க்கக்கூடியது, பழுத்தால் ஊதா, உள்ளே சின்னச் சின்ன விதை, நாக்கெல்லாம் கறை படியும், பேரனுக்கு வரையாட்டைவிட இது சீக்கிரம் கிடைக்கும்.

வரையாடு உங்கள் பக்கம் வராது. அதற்குப் புல்லும் வேண்டும், புல்லை ஒட்டியே செங்குத்துப் பாறையும் வேண்டும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் நாலே தாவலில் பாறை விளிம்புக்குப் போய் நின்றுகொள்ளும், அங்கே எதிரியால் பின்தொடர முடியாது. 'வரை' என்றால் மலை, பாறைச் சரிவு, பேர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் முக்கூர்த்தி தேசியப் பூங்காதான் அதற்கு முக்கியமான இடம். 2025இல் தமிழ்நாட்டில் எண்ணியபோது 1,303 இருந்தன. நம் மாநில விலங்கு என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. "இமயமலை வரையாட்டின் தம்பி" என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. பல காலம் அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். மரபணுவைப் பார்த்தபோது, இமயமலை வரையாட்டைவிட நம் வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று 2005இல் தெரிந்தது, அதனால் அதற்கென்றே ஒரு தனிப் பேரினம் வைத்துவிட்டார்கள். ஆடு என்கிறோம், சொந்தம் செம்மறியோடு. பேரனுக்கு இதைச் சொல்லுங்கள், பள்ளியில் போய்ச் சண்டை போடுவான்.

இமயமலை உறவு வேண்டுமென்றால் காட்டுப்பூவரசைக் காட்டலாம், ரோடோடெண்ட்ரான் என்பார்களே அந்தச் சிவப்புப் பூ மரம். அதன் உறவுக்காரர்கள் பெரும்பாலும் வடக்கே பனிமலைப் பக்கம், இது இங்கே. புல்வெளிக்கு நடுவில் தனியாக நிற்கத் துணிந்த மரம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட அது ஒன்றுதான், பட்டை தடிமனாக இருப்பதால் தீயையும் பனியையும் தாங்குகிறது. மரம் வைத்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் சரிவில் இரண்டே இரண்டு காட்டுப்பூவரசு வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

காட்டெருமை. இங்கே எல்லாருக்கும் வாயில் வருவது அந்தச் சொல்தான், நானும் டீக்கடையில் அப்படித்தான் சொல்வேன், ஆனால் பலகையில் எழுதும்போது காட்டுமாடு என்று எழுதுங்கள். அது எருமையே இல்லை, நம் வீட்டு மாட்டின் இனம். அதை வீட்டில் பழக்கிய உருவம்தான் வடகிழக்கு மலைகளில் வளர்க்கிற மிதுன். உண்மையான காட்டெருமை நம் நாட்டில் பெரும்பாலும் அஸ்ஸாம், சத்தீஸ்கர் பக்கம்தான் இருக்கிறது. பழைய தமிழில் இதை ஆமா என்றார்கள், ஆ என்றால் பசு, சங்க காலத்துக்காரனுக்குச் சரியாகத் தெரிந்த விஷயத்தை நாம் இடையில் எங்கோ தொலைத்துவிட்டோம்.

உங்கள் வீட்டம்மாவின் பயம் நியாயமானது, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். தோளளவே ஆறடி, பெரிய காளை ஒரு டன்னைத் தொடும். அது சுபாவத்தில் சண்டைக்காரன் கிடையாது, ஆனால் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. இந்த மலையில் நடந்த விபத்துகளில் எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் இருட்டில், தேயிலை வரப்பில், வளைவில், மனிதரும் மாடும் ஒருவரையொருவர் பார்க்காமல் முட்டிக்கொண்டதால் வந்தவை. ஆகவே சாயங்காலத்துக்குப் பிறகு தோட்டத்தில் நடந்தால் டார்ச்சும் பேச்சும் கட்டாயம். பக்கவாட்டில் திரும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டி "புஸ்" என்று மூச்சு விட்டால் எச்சரிக்கிறது என்று அர்த்தம், அப்போது செல்ஃபி எடுக்காமல் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். உங்கள் விருந்தினர்களைக் குறைந்தது நூறடி தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். நாயை அவிழ்த்து விடாதீர்கள், நாய் குரைத்துவிட்டு நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும், பின்னாலேயே மாடும். சமையலறைக் காய்கறித் தோலைக் கொல்லையில் கொட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அது மாட்டுக்கு மட்டுமில்லை, கரடிக்கும் அழைப்பிதழ். கோத்தகிரிப் பக்கத்துக் கரடிகள் கோயில் விளக்கெண்ணெயைத் தேடியே கதவை உடைக்கிறவை.

காட்டுமாடு ஏன் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று யோசித்தீர்களா? மேலே மலையில் புல் இருந்த இடத்தில் சீகையும் கற்பூர மரமும் நிற்கிறது, அடியில் ஒன்றும் முளைப்பதில்லை. மிச்சம் இருக்கிற புல் உங்கள் சரிவில் இருக்கிறது. மேய்ந்துவிட்டுப் போகட்டும். முள்கம்பி வேலி போட வேண்டாம், குளம்பிலும் மூக்கிலும் கிழித்துப் புண்ணாகி, வலியில் இருக்கிற மாடுதான் நிஜமாகவே ஆபத்தானது. வீட்டைச் சுற்றி மட்டும் கல் கட்டு போட்டு, மேல் சரிவை இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள், வந்த வழியே போகட்டும்.

பாம்பு விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது விரல் தடிமன், அடி நீளம், தலை கூம்பாக, வால் அரிவாளால் சீவினது போல மொட்டையாக. கேடயவால் பாம்புக் குடும்பம். இந்தக் குடும்பம் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. விஷம் கிடையாது, கடிக்கவும் தெரியாது, கையில் எடுத்தால் விரலைச் சுற்றிக்கொண்டு தலையை விரலிடுக்கில் நுழைக்கப் பார்க்கும். தின்பது மண்புழு. அந்த மொட்டை வாலின் சொரசொரப்பில் மண் ஒட்டிக்கொள்ளும், அது வளைக்குள் போகும்போது பின்னால் கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும். முட்டை இடாது, குட்டி போடும். உங்கள் தோட்டக்காரர் மேல் தப்பில்லை, வால் எது தலை எது என்று தெரியாத பாம்பை யார் பார்த்தாலும் இருதலை என்றுதான் பயப்படுவார்கள். இனிமேல் மண்வெட்டி போடும்போது வந்தால் ஒரு தகரத்தில் அள்ளிப் புல் ஓரத்தில் விடச் சொல்லுங்கள். உங்கள் பத்து வரியில் புலி இருக்கிறது, யானை இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத குடும்பத்து ஆள் உங்கள் கேரட் பாத்தியில் இருந்ததற்கு ஒரு வரி இல்லை பாருங்கள்.

மற்ற வரிகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருஞ்சிறுத்தை தனி இனம் இல்லை, சாதாரணச் சிறுத்தைதான், வெயில் சாய்வாகப் பட்டால் கருப்புக்குள்ளேயே புள்ளி தெரியும். சுவரில் வந்து உட்கார்ந்த அட்லஸ் அந்துப்பூச்சிக்குப் பேரன் வாழைப்பழம் வைத்தானாம், அதற்கு வாயே வேலை செய்யாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒன்றிரண்டு வாரம் ஓட்டும், அதனால் விளக்கை அணைத்துவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

"நீலகிரிச் சிலப்பன், ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எங்கும் காணலாம்" என்ற வரியில் ஊட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. குளிர்ந்த சோலையில் பிறந்த சின்னப் பறவைக்கு அந்த வெக்கைச் சமவெளி கடல் மாதிரி, தாண்டாது. அதனால் கணவாய்க்கு வடக்கே ஒரு சிலப்பன், தெற்கே வேறு சிலப்பன், பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தனித்தனி. சோலைக்குள் தரையில் தத்தித் திரியும் நீலப் பறவை ஒன்றும் இப்படித்தான், வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கிளி என்று பேர், ஆனால் கிளி இல்லை, மலையாளத்தில் பறவை எதையும் கிளி என்பார்கள். 2017இல் இவற்றுக்குத் தனிப் பேரினம் வைத்தபோது நம் 'சோலை' என்ற சொல்லையே எடுத்து ஷோலிகோலா என்று வைத்தார்கள். பலகையில் இது வரட்டும், தமிழ்ச் சொல் ஒன்று அறிவியல் பெயராக நிற்கிறது என்றால் வருகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

சோலை பார்க்க ஆசைப்படுகிறவர்களை லாங்வுட் சோலைக்கு அனுப்புங்கள், உங்களுக்குப் பக்கம்தான், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். 116 ஹெக்டேர், 2024இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மரக்காட்டை எப்படி ஈரநிலம் என்கிறார்கள் என்று கேட்பார்கள். உள்ளே போய்த் தரையில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், பங்குனியில்கூட விரல் நனையும், கீழே இருக்கிற கிராமங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். உள்ளே காலடியில் இலைச் சருகுக்குள் டிக் டிக் என்று கேட்டால் பூச்சி என்று நினைக்க வேண்டாம், கட்டைவிரல் நகம் அளவுத் தவளை. அந்தப் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே அந்த வயதைக் கழித்துவிட்டு முழுத் தவளையாக வெளியே வரும். குட்டை இல்லாத மலைச்சரிவில் வேறு என்ன செய்வது?

கடைசியாக வேலை. சீகை நாற்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் பிடுங்கச் சொல்லுங்கள், அரிவாளால் வெட்டினால் துளிர்க்கும், கொளுத்தினால் மண்ணில் இருக்கிற விதையெல்லாம் எழுந்துகொள்ளும். பெரிய மரங்களைத் தொடுவதற்கு முன் வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பட்டா நிலமாக இருந்தாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும், "என் இடம்தானே" என்று வெட்டிவிட்டு அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் அந்தச் சீகைகளின் அடியில் குனிந்து பாருங்கள். கீழே ஊற்றுப் பக்கம் இருக்கிற இரண்டு மரத்தடியில் பளபளப்பான கெட்டி இலையோடு சின்னச் செடிகள் தெரிகின்றன, சோலை மரக் கன்றுகளாக இருக்கலாம், சீகை நிழலே அவற்றுக்குப் பனிக்குடையாக இருக்கிறது. அந்த இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிட்டு மேல் சரிவில் இருப்பதை எடுத்தால் போதும்.

கை அரித்தால் அந்த ஊற்று மடிப்பில் நடுங்கள். காட்டுச் செண்பகம், விக்கி, மலை நாவல் மாதிரி சோலை மரங்கள், முப்பது நாற்பது போதும், நெருக்கமாக, முதல் இரண்டு மார்கழிக்கு மேலே காய்ந்த புல்லைப் போர்த்தி. மெதுவாகத்தான் வளரும், பேரன் கல்லூரி போகும்போது நிழல் கிடைக்கலாம்.

நாற்றுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், அவர் என்ன செய்வார், கேட்டதைத்தான் வளர்த்து வைத்திருப்பார். பணத்துக்குப் பதிலாகச் சோலைக் கன்று ஏதாவது பிடித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கோத்தகிரிப் பக்கம் வைத்திருக்கிறவர்கள் உண்டு. இல்லாவிட்டால் சில்வர் ஓக்கில் இருபதை மட்டும் எடுத்துப் பக்கத்துத் தேயிலைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு நிழலுக்கு ஆகும். பைன் வேண்டவே வேண்டாம்.